பெரியவர்கள் வரையக் கற்பது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், தையற்காரர்கள், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரத்துக்கு வருகிற அம்மாக்கள், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வரைவது என்று நான் சொல்வது பென்சிலோ பேனாவோ எடுத்துக் கண்முன் இருப்பதைப் பார்த்துத் தாளில் கொண்டுவருவதை மட்டும்தான். கார்ட்டூன், கணினி ஓவியம், தஞ்சாவூர்ப் படம் ஆகியவற்றுக்கு இங்கே பதில் இல்லை.

எனக்கு 43 வயது. ஒரு கோடு கூட நேராக வராது. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நேர்க்கோடு வேண்டுமென்றால் ஸ்கேல் இருக்கிறது, அதை விடுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கிற பெண்களில் பலர் தினமும் விடியற்காலையில் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவர்கள். புள்ளி வைத்து, மாவு அறுபடாமல், இரண்டு பக்கமும் வளைவு ஒத்துப்போகும்படி ஒரே கோட்டை இழுத்துச் சென்று தொடங்கிய இடத்திலேயே முடிக்கிற கை அது. அந்தக் கைக்குக் கோடு வராது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் உள்ள தையற்கடைகளில் கட்டிங் மாஸ்டர் துணியின் மேல் சாக்குக்கட்டியால் கைக்குழி வளைவு (சட்டையில் கை பொருத்தும் இடம்) போடுவதைப் பாருங்கள். ஒரே இழுப்பு, அழிப்பே கிடையாது. வேலை செய்து பழகிய யாருக்கும் கை ஒரு தடையே இல்லை. பழகாமல் இருப்பது கண்.

கோலமும் கைக்குழியும் மனப்பாடத்திலிருந்து வருகின்றன. பார்த்து வரைவதற்கு மனப்பாடம்தான் முதல் எதிரி. வளர்ந்தவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாளப் படத்தை மனத்தில் வைத்திருக்கிறோம். கண் என்றால் மீன் வடிவம், மரம் என்றால் தண்டின் மேல் ஒரு மேகம், வீடு என்றால் முக்கோணக் கூரை. மொட்டைமாடி வீடுகளே நிறைந்த தெருவில் பிறந்து வளர்ந்தவர் கூட வீடு வரையச் சொன்னால் முக்கோணக் கூரை போட்டுப் பக்கத்தில் இரண்டு மலையும் எழுப்பிவிடுவார்! எதிரில் இருப்பதைப் பார்க்காமல், தெரிந்ததை எழுதிவிட்டுப் போகிற பழக்கம் இது. இந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் முதல் சில மாதங்களின் வேலை. குழந்தைகளை விடப் பெரியவர்களுக்கு இது சற்றுக் கடினம். ஆனால் அளந்து சரிபார்க்கிற பொறுமை பெரியவர்களுக்குத்தான் அதிகம். கணக்கு சரியாகிவிடும்.

பிறவித் திறமை வேண்டாமா?

பெரிய ஓவியராவதற்கு என்ன வேண்டும் என்பது எனக்கு வேண்டாத கேள்வி. ஓர் ஆட்டோவை ஆட்டோ மாதிரி வரைவதற்குப் பிறவித் திறமை தேவையில்லை. வின்சென்ட் வான் கோ ஓவியராவது என்று முடிவு செய்தது 1880இல், தம் 27ஆம் வயதில். அதற்கு முன் ஓவிய வியாபாரக் கடையில் ஊழியராகவும், பள்ளியில் ஆசிரியராகவும், சுரங்கத் தொழிலாளர்களிடையே சமயப் பணியாளராகவும் இருந்து எதிலும் நிலைக்காதவர். ஷார்ல் பார்க் என்பவர் வெளியிட்ட பயிற்சிப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரைந்துதான் அவரும் கற்றார். அவருடைய ஆரம்பகால மனிதர்கள் விறைப்பாக, மரக்கட்டை போலத்தான் நிற்கிறார்கள். தேடிப் பாருங்கள், ஆறுதலாக இருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

200 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்திலேயே மரப்பெட்டியில் 24 பென்சில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வரும். அவ்வளவு நல்ல பென்சிலால் இவ்வளவு மோசமாக வரைவதா என்ற பயத்திலேயே அந்தப் பெட்டி பீரோவுக்குள் போய்விடுகிறது.

எச்பி, 2பி, 6பி என்று மூன்று பென்சில் போதும். எந்தக் கம்பெனியானாலும் சரி. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. களிமண் கூடினால் குச்சி கடினமாகிக் கோடு வெளிறும், கிராஃபைட் கூடினால் மிருதுவாகிக் கோடு கறுக்கும். எச் என்ற எழுத்து கடினத்தையும் பி கறுப்பையும் குறிக்கின்றன. 1795இல் பிரான்சில் கோன்தே என்பவர் காப்புரிமை பெற்ற கலவை முறை இது. இன்றைக்கும் அடிப்படையில் அதேதான். இவற்றோடு ஓர் அழிப்பான். பென்சிலைச் சீவ பிளேடு நல்லது, ஷார்ப்னரை விட நீளமான முனை கிடைக்கும்.

தாளுக்கு நான் பரிந்துரைப்பது ஜெராக்ஸ் தாளும் பரீட்சை அட்டையும். உங்கள் பிள்ளையின் பழைய பரீட்சை அட்டை வீட்டில் எங்காவது கிடக்கும். அதில் ஏ4 தாளை மாட்டிக் கீழ் ஓரத்தில் ஒரு ரப்பர் பேண்டும் போட்டுக்கொண்டால் கடற்காற்றுக்கும் தாங்கும். கெட்டி நோட்டை விட இதில் இன்னொரு லாபம் உண்டு. கெடுத்த தாளைப் புரட்டி அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், நோட்டு கெட்டுப்போயிற்றே என்ற வருத்தம் வராது.

சென்னையில் வரைகிறவர்களுக்கு ஒரு கைக்குட்டையும் கருவிதான். உள்ளங்கை வியர்வை தாளில் பட்டால் அந்த இடத்தில் பென்சில் சரியாகப் பிடிக்காது, வரைந்த இடமும் தேய்ந்து அழுக்காகும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து எழுதுங்கள்.

எங்கே வாங்குவது?

அவசரமில்லை என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. காகிதம், எழுதுபொருள், திருமண அழைப்பிதழ் எல்லாம் குவிந்து கிடக்கிற தெரு. வார நாளில் போங்கள். மொத்த வியாபாரக் கடையில் ஒற்றைப் பென்சில் கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள், சில்லறைக்குக் கொடுக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள். உங்கள் தெருமுனைக் கடையில் எச்பி பென்சில் கட்டாயம் கிடைக்கும். அதைக் கொண்டு இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் எதை வரைவது?

உங்கள் செருப்பை. ஒற்றைச் செருப்பு, மேசை மேல், ஒரு கை தூரத்தில். (வீட்டில் மேசை மேல் செருப்பை வைக்க விடமாட்டார்கள் என்றால் ஒரு செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள்.)

முதல் தாளில் பார்க்காமல் வரையுங்கள். அதாவது கண் செருப்பை விட்டு விலகக் கூடாது, தாளைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. குதிகால் பக்கம் ஒரு புள்ளியில் பார்வையை வைத்து, ஓர் எறும்பு அந்த விளிம்பில் ஊர்ந்து போவதாக எண்ணிக்கொண்டு பார்வையை மெல்ல நகர்த்துங்கள். பார்வை நகரும் வேகத்திலேயே பென்சிலும் நகர வேண்டும். வார் பிரியும் இடம், தேய்ந்த பெருவிரல் பள்ளம், விட்டுப்போன தையல் எதையும் விடாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால் ஏதோ நசுங்கிய நண்டு போல இருக்கும். சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோணல் கோட்டில் ஒரு சிறு பகுதியாவது, வார் மடியும் இடமோ ஓரத்தின் பிசிறோ, நீங்கள் இதுவரை வரைந்த எதையும் விட உண்மையாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து வட்டமிடுங்கள். அது கண் வேலை செய்த இடம்.

இரண்டாவது தாளில் தாளையும் பார்த்து அதே செருப்பை வரையுங்கள். இப்படி ஒரு வாரம், பொருளை மட்டும் மாற்றிக்கொண்டு. பூட்டு, கரண்டி, உரித்த பூண்டு, இஸ்திரிப் பெட்டி. அழகான பொருள் தேட வேண்டாம்.

டம்ளர் வரைந்தால் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கிறது. ஏன்?

அடிப்பாகத்தை நேர்க்கோடாகப் போட்டிருப்பீர்கள். டம்ளர் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும், அந்த அறிவு கையைப் பிடித்து இழுத்துவிடுகிறது. சற்று மேலிருந்து பார்க்கும்போது டம்ளரின் வாய் ஒரு நீள்வட்டம். அடியும் நீள்வட்டம்தான், நமக்குத் தெரிவது அதன் முன்பாதி. அது மேல்வாயை விட இன்னும் அதிகமாக வளைந்திருக்கும், ஏனென்றால் கண்ணுக்கு அதிகக் கீழே இருப்பதை நாம் அதிகமாக மேலிருந்து பார்க்கிறோம். டீக்கடைக் கண்ணாடி டம்ளரை மெல்லத் தூக்கிக் கண்ணுக்கு நேரே கொண்டுவாருங்கள். வாய் ஒடுங்கிக்கொண்டே வந்து ஒரு கோடாகிவிடும். அதற்கு மேல் தூக்கினால் வளைவு எதிர்ப்புறம் திரும்பும். இதைச் செய்து பார்த்தவர்கள் பிறகு தட்டையான அடி போடுவதில்லை. நீள்வட்டத்தின் இரு முனைகளும் உருண்டையாக இருக்க வேண்டும், வாழைக்காய் முனை போல கூராகக் கூடாது.

பார்த்துத்தான் வரைகிறேன். ஆனால் அளவு தப்பிக்கொண்டே போகிறது.

இது எல்லோருக்கும் வரும், இதற்குத் தீர்வும் உண்டு. மூன்று கருவிகள் சொல்கிறேன்.

முதலாவது பென்சிலே அளவுகோலாவது. கையை முழுதாக நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முனையைப் பொருளின் உச்சியில் பொருத்தி, கட்டைவிரலை அடி வரை நகர்த்துங்கள். அந்த நீளத்தைக் கலைக்காமல் பென்சிலைப் படுக்கவைத்து அகலத்தோடு ஒப்பிடுங்கள். அகலத்தைப் போல உயரம் ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா? தாளில் எந்த அளவில் வரைந்தாலும் இந்த விகிதம் மட்டும் மாறக் கூடாது. முழங்கை மடங்கினால் எல்லாக் கணக்கும் வீண். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது தூக்குக்குண்டு. கொத்தனார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பென்சிலின் மேல்முனையை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு செங்குத்துக்கோடு கிடைக்கும். நிற்கிறவருடைய காதிலிருந்து அந்தக் கோட்டை இறக்கிப் பாருங்கள். எந்தப் பாதத்தில் விழுகிறது? ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கிறவருக்குக் கழுத்துக் குழியிலிருந்து இறங்கும் கோடு அந்தக் காலின் பாதத்துக்குப் பக்கமாக விழும். இதைத் தவறவிட்டால் ஆள் காற்றில் சாய்வார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. பொருளை விட்டுவிட்டு, பொருளுக்கு இடையில் இருக்கிற வெற்றிடத்தை வரைவது. பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களுக்கு நடுவே தெரியும் தரை ஒரு வடிவம். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் இடையில் தெரியும் சுவர் இன்னொரு வடிவம். நாற்காலி எப்படி இருக்கும் என்று மூளைக்குத் தெரியும், ஆனால் அந்தத் துண்டுச் சுவரின் வடிவத்துக்கு அதனிடம் மனப்பாடப் படம் எதுவும் கிடையாது. வேறு வழியின்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். துறைமுகத்தில் பளு தூக்கும் கிரேன்களை இந்த முறையில் வரையுங்கள். இரும்புச் சட்டங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் தலை சுற்றும். இடையில் தெரிகிற வானத்தின் முக்கோணங்களை மட்டும் ஒவ்வொன்றாக வரைந்தால் கிரேன் தானாக நிற்கும்.

அழிப்பான் பயன்படுத்தலாமா?

தவறான கோடு இருக்கும்போதே சரியான கோட்டைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பிறகு அழியுங்கள். முதலிலேயே அழித்துவிட்டால் அதே தவற்றை அதே இடத்தில் மறுபடி போடுவீர்கள். ஒரு மாதமாவது பால்பாயின்ட் பேனாவால் மட்டும் வரைவதும் நல்ல வைத்தியம்.

முகம் வரைந்தால் ஆள் அடையாளமே தெரிவதில்லை.

நெற்றியைத் திருடியிருப்பீர்கள். கண்கள் தலையின் நடு உயரத்தில் இருக்கின்றன. உச்சந்தலையிலிருந்து கண் வரை ஒரு பங்கு, கண்ணிலிருந்து முகவாய் வரை ஒரு பங்கு. கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பாருங்கள், நம்ப மாட்டீர்கள். முகத்தில் நாம் கவனிப்பது கண், மூக்கு, வாய் மட்டும். அதனால் அவற்றைப் பெரிதாக்கி மேலே ஏற்றி, மண்டையை வெட்டிவிடுகிறோம். நேர்ப்பார்வையில் காது புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் இடையில் அமையும். இரு கண்களுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கிற அளவுக்கு இடம் இருக்கும். இவை சராசரிகள்தான், ஆளுக்கு ஆள் மாறும். அந்த மாறுதலில்தான் சாயல் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் முகத்துக்குப் போவதற்கு முன் ஆறு மாதம் பொருள்களிலும் கட்டடங்களிலும் கழியட்டும். கட்டடம் கோபித்துக்கொள்ளாது.

கைபேசியில் இருக்கும் படத்துக்குக் கட்டம் போட்டு நடிகர்களை வரைகிறேன். அப்துல் கலாமும் வரைந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு எதற்கு டம்ளரும் செருப்பும்?

பாராட்டு நியாயமானதுதான். கட்டம் போட்டு வரைவதில் பொறுமை வளரும், நிழல் போடக் கை தேறும். சுவர் விளம்பரமும் பேனரும் வரைந்த கலைஞர்கள் சின்னப் படத்தைப் பெரிய சுவருக்கு ஏற்றியது கட்டம் போட்டுத்தான்.

ஆனால் புகைப்படத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. முப்பரிமாணத்தைக் கேமரா ஏற்கெனவே தட்டையாக்கிவிட்டது, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பதையும் அதுவே தீர்மானித்துவிட்டது. நீங்கள் செய்வது நகல் எடுப்பது. ஆறு மாதம் கலாமை வரைந்தவரிடம் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாமனாரை வரையச் சொன்னால் திணறுகிறார், அதுதான் என் புகார். வாரத்தில் ஒரு நாள் புகைப்படம், மற்ற நாள்களில் நேரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரைவதும் நல்ல பயிற்சி. முகம் முகமாகத் தெரியாது, வெறும் கோடும் நிழலும்தான் தெரியும். பெரும்பாலோருக்குத் தலைகீழ்ப் படம் நேர்ப்படத்தை விடச் சரியாக வருவதைப் பார்த்து அவர்களே அதிசயிப்பார்கள்.

தெரு, கட்டடம் வரையும்போது தூரம் வருவதில்லை.

கடலுக்குப் போங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிப் போகும் கடற்கரைச் சாலையோரம் நெடுக அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். (துறைமுகம் கட்டியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் நிலத்தைத் தின்றது. அந்தக் கற்களை வரையும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.) அங்கே நின்று தொடுவானத்தைப் பாருங்கள். வானமும் கடலும் சேரும் அந்தக் கோடு உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். உட்காருங்கள், அதுவும் கூடவே இறங்கும். ஒரு கல்லின் மேல் ஏறுங்கள், கூடவே ஏறும். சாதாரண உயரமுள்ள ஒருவர் கரையில் நின்றால் அந்தக் கோடு அவரிடமிருந்து ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வானமும் கடலும் சேரும் அந்தக் கோட்டின் உயரத்துக்குப் பெயர் கண்மட்டம். கடல் இல்லாத தெருவிலும் இந்தக் கோடு இருக்கிறது, கட்டடங்கள் மறைத்திருக்கின்றன, அவ்வளவுதான். எந்தப் படத்திலும் முதலில் மெல்லியதாகப் போட வேண்டிய கோடு இது.

கண்மட்டம் தெரிந்துவிட்டால் மற்றவை அதிலிருந்து வரும். உங்களை விட்டு விலகிப் போகும் இணைகோடுகள் எல்லாம் சமதரையில் அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளியில் சென்று சேர்வதாகத் தெரியும். கண்ணுக்கு மேலே இருக்கும் கூரை விளிம்புகள் இறங்கி வரும், கீழே இருக்கும் நடைபாதை விளிம்புகள் ஏறிப் போகும். 1435இல் இத்தாலியில் அல்பெர்டி என்ற கட்டடக் கலைஞர் இதை முறையாக எழுதி வைத்தார். அதைப் படிக்காமலேயே எந்த ரயில் நிலையத்து நடைமேம்பாலத்திலிருந்தும் தண்டவாளங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தண்டவாளத்தில் இறங்கி நின்று பார்க்க வேண்டாம், மேம்பாலத்திலிருந்தே பாருங்கள்.

கட்டடத்துக்கு ராயபுரம் ரயில் நிலையத்தை விட நல்ல வாத்தியார் இந்தப் பக்கத்தில் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஆற்காட்டுப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். முகப்பில் வரிசையாகத் தூண்கள். நேர் எதிரே நின்றால் எல்லாம் ஒரே உயரம். ஓரமாகப் போய் நின்றால் ஒவ்வொரு தூணும் சற்றுச் சற்றுக் குட்டையாகிக்கொண்டே போகும், இடைவெளியும் நெருங்கிக்கொண்டே வரும். உயரம் குறைவதை எல்லோரும் கவனிக்கிறார்கள், இடைவெளி குறைவதை மறந்துவிடுகிறார்கள்.

தூரத்துக்கு இன்னொரு வழி மங்கல். திருவொற்றியூர் தாண்டிக் கடலோரத்தில் நின்று வடக்கே பாருங்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் சாம்பல் நிறத்தில் கரைந்து நிற்கும். அவற்றை எச்பி பென்சிலால் அழுத்தாமல் வரைந்து, முன்னால் கிடக்கிற கல்லை 6பி கொண்டு அழுத்தினால் போதும், நடுவில் பல கிலோமீட்டர் வந்துவிடும்.

காசிமேட்டில் வரைய ஆசை. ஆனால் யாரும், எதுவும் நிற்பதில்லையே?

மீன் ஏலம் நடக்கிற அதிகாலையில் ஆரம்பிக்காதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நெருக்கமாக அணைத்துக் கட்டிக் கிடக்கும், பழுதுபார்ப்பார்கள், வண்ணம் பூசுவார்கள், வலை பின்னுவார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் படகு வரைய அதுதான் பருவம். படகின் வளைவு எல்லோரையும் ஏமாற்றும். முதலில் படகு அடங்குகிற ஒரு நீளப்பெட்டியை மெல்லிய கோட்டில் போட்டு, அதன் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு இழுங்கள். முனையும் பின்புறமும் அந்த நடுக்கோட்டில் விழ வேண்டும். பிறகு பக்க வளைவுகளை வரைந்தால் படகு முறுக்கிக்கொள்ளாது.

மனிதர்களுக்கு வேறு வழி. வேலை செய்கிறவர் அசைந்துகொண்டே இருந்தாலும் அதே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார். வலை பின்னுகிறவரின் கை மேலே போகும், கீழே வரும், மேலே போகும். ஒரு தாளில் மூன்று நான்கு உருவங்களை ஒரே சமயத்தில் தொடங்குங்கள். அவர் எந்த நிலைக்கு வருகிறாரோ அந்த உருவத்தில் இரண்டு கோடு சேருங்கள். ஓர் உருவத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முகம், விரல் எதுவும் வேண்டாம், முதுகு எந்தப் பக்கம் வளைகிறது, எடை எந்தக் காலில் என்பது மட்டும். வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற பையன்களையும், பர்மா பஜார் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டியைச் சுற்றி நின்று சாப்பிடுகிறவர்களையும் இப்படித்தான் பிடிக்க முடியும். அத்தோ சாப்பிடுகிறவர் குனிந்த தலையை அவ்வளவு சீக்கிரம் நிமிர்த்த மாட்டார், அதனால் அவர் சற்று எளிது.

கூட்டம் வரைய ஒரே ஒரு விதி. சமதரையில் நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், பக்கத்தில் நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். அதுதான் கண்மட்டம். தூரத்தில் இருப்பவரின் கால்தான் தாளில் மேலே ஏறும். கீழே உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு எல்லோருடைய இடுப்புப் பக்கமாக ஓடும். இதை மட்டும் கடைப்பிடித்தால் ஏலக் கூட்டம் கலையாது.

வெளியில் உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருக்கிறது. நான் பெண், தனியாகப் போக வேண்டும்.

கூச்சம் இயல்புதான், நம் ஊரில் அதற்குக் காரணமும் இருக்கிறது. நோட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் தோளுக்குப் பின்னால் ஒரு தலை முளைக்கும். "என்னா மேடம், சர்வே எடுக்குறீங்களா? வீட்டை இடிக்கப் போறாங்களா?" என்று கேட்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை. இந்தப் பகுதிகளில் தாளும் பென்சிலுமாக வந்தவர்களுக்குப் பின்னால் புல்டோசர் வந்த அனுபவம் ஜனங்களுக்கு உண்டு. படத்தைத் திருப்பிக் காட்டுங்கள். படகைப் பார்த்ததும் பயம் போய்விடும், பிறகு கயிறு கட்டியிருக்கும் விதம் தப்பு என்று திருத்தம் சொல்லத் தொடங்குவார்கள். அந்தத் திருத்தத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வதே சரி.

முதுகுக்குச் சுவர் இருக்கும்படி உட்காருங்கள், பாதித் தொல்லை குறையும். முதல் சில வாரங்கள் வீட்டு மொட்டைமாடியே போதும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, பக்கத்து வீட்டு டிஷ் எல்லாம் அங்கே இருக்கின்றன. பிறகு நன்றாகப் பழகிய டீக்கடை பெஞ்ச், திருவொற்றியூர்க் கோயிலின் வெளிப்பக்கம், மெட்ரோ நிலையத்தின் இருக்கை. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எனக்குத் தெரிந்து பலர் மேம்பால நிலையங்களின் மேலிருந்து கூரைகளை வரைகிறார்கள். இரண்டு பேராகப் போனால் இன்னும் நல்லது. துறைமுக வாயில், ரயில்வே பணிமனை, மின்நிலையம் போன்ற காவல் உள்ள இடங்களில் வாயிலுக்கு எதிரே உட்கார்ந்து வரையாதீர்கள், வீண் விசாரணை. ஆள்களை வரைந்தால், அவர் வேண்டாம் என்று கையசைத்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மீன்காரம்மா வியாபார நேரத்தில் வேடிக்கைப் பொருளாக இருக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

நிழல் எப்படிப் போடுவது? எந்த நேரத்தில் போக வேண்டும்?

விரலால் தேய்க்காதீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றாகப் பிரியும். வெளிச்சத்துக்குத் தாளை அப்படியே விடுங்கள், நடுத்தரத்துக்கு 2பியால் சாய்கோடுகள், இருட்டுக்கு 6பி. மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

நம் கடல் கிழக்கே இருப்பது ஒரு வசதி. காலையில் கடலை நோக்கி உட்கார்ந்தால் சூரியன் எதிரே. படகும் ஆளும் கருநிழல் உருவமாகத் தெரியும், உள்விவரம் எதுவும் இருக்காது. புதியவர்களுக்கு அதுவே வரம். மாலையில் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும், படகின் வண்ணமும் எழுத்தும் தெளிவாகத் தெரியும். நடுப்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், உங்களுக்கும் தலைவலி வரும். போகாதீர்கள்.

நேரமே இல்லை. என்ன செய்வது?

தினம் பத்து நிமிடம், ஏ4 தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. ஞாயிறு மூன்று மணி நேரம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் கல்யாணமும் காதுகுத்தும் வந்துகொண்டே இருக்கும்.

கை நடுங்குகிறது. கண்ணாடியும் போட்டிருக்கிறேன்.

நடுங்கும் கோடும் நல்ல கோடுதான். விரலால் வரையாமல் தோளிலிருந்து கையை அசைத்துச் சற்றுப் பெரிதாக வரைந்தால் நடுக்கம் குறைவாகத் தெரியும். கண்ணாடியில் பிரச்சினை என்னவென்றால், எட்டத்துக்கு ஒன்று கிட்டத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருப்பது. தாளை மடியில் வைக்காமல் பரீட்சை அட்டையைக் கை தூரத்தில் நிமிர்த்திப் பிடித்தால் தலையை ஆட்டும் வேலை குறையும்.

வகுப்பில் சேர வேண்டுமா? சான்றிதழ் கிடைக்குமா?

சேர்ந்தால் ஒழுங்கு வரும். சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பொருளைப் பார்த்து வரையச் சொல்வீர்களா, படத்தைப் பார்த்தா? படம் என்றால் அந்தப் பணத்துக்கு மீன் வாங்கி வரைந்துவிட்டுச் சமைக்கலாம். சான்றிதழ் தேவைப்பட்டால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் உண்டு. பொழுதுபோக்குக்கு வரைகிறவருக்கு அது அவசியமில்லை.

வண்ணம் எப்போது தொடங்கலாம்?

வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்ற மூன்று தொனியில் ஒரு தெருவை நிற்கவைக்க முடிந்த பிறகு. அதற்கு முன் வண்ணம் எடுத்தால், தப்பு அளவிலா நிறத்திலா என்று உங்களுக்கே தெரியாது.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாள் ஈரம் குடித்துத் தொய்யும். தாள்களை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். வீட்டுக்குள் வரைய உங்கள் இடது கை எப்போதும் இருக்கிறது. சம்பளம் கேட்காத மாடல்.

மழை விட்டிருக்கும் நாளில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1851இல் தொடங்கியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அசையாமல் நிற்கும். நடராஜரின் கைகளுக்கும் திருவாசிக்கும் இடையில் இருக்கிற வெற்றிடங்களை வரைவதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது போதாது. உள்ளே பேனா வேண்டாம், பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள். வரைய உட்காருவதற்கு முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.